மறைந்த யாழும் மறைகின்ற பாட்டும்

பண்டைக்கால வீரரையும் பாணரையும் கைவினைஞரையும்போல உடையணிந்து, கழிந்துபோன ஒரு காலத்தின் வாழ்க்கையைச் சில நாள் நடித்துக் காட்டும் கழகங்கள் மேனாடுகளிற் பல உள. 1966ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிலே தொடங்கிய ஒரு கழகம் ஐரோப்பாவின் இடைக்காலத்தைத் தன் பொருளாக மேற்கொண்டது. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தொடங்கிய வேறொரு கழகம் அந்நாட்டின் பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை மேற்கொண்டது. இக்கழகத்தார் வாளையும் கவசத்தையும் அரும்பொருட்சாலையில் உள்ளவற்றைப் பார்த்துச் செய்துகொள்கின்றனர். ஆடையைப் பழைய ஓவியங்களைப் பார்த்துத் தைத்துக்கொள்கின்றனர். ஆயின் இரவிலே பாசறைத் தீயைச் சூழ்ந்திருந்து பாடத் தொடங்கும்போது ஓர் இடர் தோன்றுகின்றது. எதனைப் பாடுவது? இரும்பு மண்ணிற் கிடந்து துருவேறியேனும் எஞ்சும். ஓசையோ எழுந்த கணத்திலேயே அழிந்துவிடும். அழிந்த ஓசையை மீண்டும் எழுப்புவது எங்ஙனம்? எழுப்பியபின் அது பழைய ஓசைதான் என்று கூறுவதற்குச் சான்று யாது?

இவ்வினா நமக்குப் புறம்பானதென்று கருதுதல் தவறு. கல்முனைக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்த யாழ் என்னும் இசைக்கருவியை நூற்சான்று கொண்டும் கணக்குக்கொண்டும் மீட்டுக் காண முயன்றார். அம்முயற்சியின் பயனாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. காரைதீவிலிருந்து தென்மேற்கே உள்நாடு நோக்கிச் சென்றால், நெல்வயல்களுக்கிடையே ஒரு குளத்தைச் சார்ந்து இறக்காமம் என்னும் ஊர் அமைந்திருக்கக் காணலாம். அது தமிழ் பேசும் முஸ்லிம் உழவர் பெரும்பான்மையாக வாழும் ஊர். அவ்வூரையும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களையும் உள்ளிட்ட இந்நிலப்பகுதி, கவி எனப்படும் வாய்மொழிப் பாட்டிற்குப் பெயர்பெற்றது. ஆகவே மறைந்துபோன இசை ஒன்றை ஏட்டிலிருந்து எழுப்பிய பெருமையும், மறைந்துகொண்டிருக்கும் இசை ஒன்றைக் கண்முன் உடைமையும் ஒருங்கே வாய்ந்த நிலப்பகுதி இது. இவ்விரண்டையும் அயர்லாந்து முதலிய நாடுகளின் வரலாற்றோடு ஒப்புநோக்கி, இசையில் எதனை மீட்கலாம், எதனை மீட்கவியலாது என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று அளவைகள்

நம் தருக்க நூலார் பொருளை அறிதற்குரிய கருவிகளை அளவை என வழங்கினர். அவற்றுட் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. நேரே பொறியால் அறிதல் காட்சி. அறிந்தது கொண்டு அறியாததை உய்த்துணர்தல் கருதல். தக்கோர் கூற்றால் அறிதல் உரை. பழைய இசையை ஆராய்வார்க்கும் இம்மூன்றுமே வழிகாட்டிகளாம். பாடுவோன் இருந்து பாட நாம் கேட்பது காட்சி. நூல் கூறும் செய்தி உரை. எஞ்சிய கருவியின் உறுப்பு, சிற்பம், நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கு முதலியவற்றிலிருந்து பெறுவது கருதல்.

இம்மூன்றுக்கும் புறம்பாக நான்காவதாக ஒன்று உண்டு. அது அளவையன்று, புனைவு. புனைவு இழிந்ததென்று கூறுதல் எம் கருத்தன்று. கலை அனைத்தும் ஒருவகையிற் புனைவே. ஆனால், புனைந்ததைக் கண்டதாகக் கூறும்போது வரலாறு கெடுகின்றது. பழைய இசையை மீட்க முயன்றோர் வரலாறு முழுவதும் இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த குழப்பமும், மறவாமையால் விளைந்த பயனுமாகவே காணப்படுகின்றது.

1792ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

ஒரே ஆண்டில், ஒரு மாத இடைவெளிக்குள், பிரித்தானியத் தீவுகளில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டவல்லன.

முதலாவது, 1792ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் நகரின் பிறிம்றோஸ் குன்றில் நிகழ்ந்தது. வேல்சு நாட்டினரான எட்வேட் வில்லியம்ஸ், யோலோ மோர்கனுக் என்னும் புனைபெயருடையார், சிறு கற்களை வட்டமாக இட்டு, அதனுள்ளே பாணர் அவை ஒன்றைக் கூட்டினார். இது பண்டைக் கெல்தியக் குருமார் காலந்தொட்டு வேல்சுப் பாணரிடையே இடையறாது வந்த சடங்கென்று அவர் கூறினார். பலரும் நம்பினர். 1819ஆம் ஆண்டில் அச்சடங்கு வேல்சு நாட்டின் இசை, கவிதை விழாவோடு இணைக்கப்பட்டது. இன்றும் அவ்விழாவில் அது சிறப்புற நடைபெறுகின்றது. ஆயினும் யோலோ காட்டிய பழஞ்சுவடிகளுட் பல அவராலேயே எழுதப்பட்டவை என்பதை இருபதாம் நூற்றாண்டில் வேல்சு அறிஞர் கிறிபித் யோன் வில்லியம்ஸ் ஆராய்ந்து நிலைநாட்டினார்.

இரண்டாவது, அதே ஆண்டு யூலை மாதத்தில் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் நிகழ்ந்தது. ஹாப் எனப்படும் நரம்புக்கருவியை வாசிக்கும் பழைய மரபினர் அருகிவிட்டதை உணர்ந்த அந்நகரத்தார், எஞ்சியிருந்தோரை ஒருங்கழைத்து வாசிக்கச் செய்தனர். அயர்லாந்தினர் பதின்மரும் வேல்சு நாட்டினர் ஒருவருமாகப் பதினொருவரே வந்தனர். அவருட் பலர் கண்ணொளி இழந்தவர்; பலர் முதியவர். அவர்களுள் டெனிஸ் ஹெம்ப்சன் என்பார் தொண்ணூறு வயதைக் கடந்தவராகக் கூறப்பட்டார். உலோகக் கம்பிகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையை அக்கூட்டத்தில் அவர் ஒருவரே கைக்கொண்டிருந்தார். வாசிக்கப்பட்டவற்றைக் குறித்துக்கொள்ளும் பணி எட்வேட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அன்று தொடங்கிய பணியை வாழ்நாள் முழுவதும் விடாது செய்தார். ஹெம்ப்சனை அவர் ஊருக்கே சென்றும் கண்டார். 1796, 1809, 1840ஆம் ஆண்டுகளில் அவர் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். முதற்றொகுதியில் 66 மெட்டுக்கள் இருந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளுள் ஒன்று புனைவு, மற்றொன்று காட்சி. குன்றிற் கூடிய அவை ஒரு நாட்டு மக்களுக்குத் தம் மொழியிற் பற்றை வளர்த்தது என்பது உண்மையே. எனினும் பண்டைப் பாணர் எவ்வாறு பாடினர் என்பதை அறிய விரும்புவார்க்கு அது ஒருசிறிதும் உதவாது. பெல்பாஸ்ற் கூட்டமோ ஆரவாரமின்றி முடிந்தது. ஆயினும் அந்த இளைஞர் குறித்துவைத்த தாள்கள் இன்று பெல்பாஸ்ற் பல்கலைக்கழகத்திற் பேணப்பட்டு, அழிந்த ஒரு மரபுக்கு முதன்மைச் சான்றாக விளங்குகின்றன.

பண்டிங்கின் பணியிலும் குறை இருந்தது. அதனை அறிதலும் நமக்குப் பயன்தரும். அச்சிட்டபோது அவர் மெட்டுக்களைப் பியானோவுக்கு ஏற்ப அமைத்து, பழைய வாசிப்பில் இல்லாத சுரக்கூட்டுக்களைச் சேர்த்தார். 1802ஆம் ஆண்டில் பாடல்களின் சொற்களைச் சேகரிப்பதற்காகப் பற்றிக் லிஞ்ச் என்பவர் அயர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவர் திரட்டிய ஐரிய மொழிச் சொற்கள் 1809ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெறவில்லை. எனவே அச்சு நூலில் மெட்டு வேறாகவும் சொல் வேறாகவும் பிரிந்துபோயின. பின்வந்த ஆராய்ச்சியாளர் அச்சு நூலை விடுத்து, அவர் முதியோர் எதிரிலிருந்து விரைந்து குறித்த கைத்தாள்களையே நாடுகின்றனர். திருத்திய நூலினும் திருத்தாத குறிப்பே சான்றாக உயர்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பழமைக் கோலம் பூண்ட புதுமை

இன்று கெல்திய இசை என்னும் பெயரால் உலகெங்கும் பரவியுள்ளதும், வரலாற்றை நடித்துக் காட்டுவோர் தம் விழாக்களில் விரும்பி வாசிப்பதும் எத்துணைப் பழமையன என்று நோக்குவோம். இடைக்கால அயர்லாந்தினர் தம் இசையைக் கெல்திய இசை என்று வழங்கியதில்லை. வேல்சு, ஐரியம், பிரெத்தானியம் முதலிய மொழிகளை ஓரினமாகத் தொகுத்துக் கெல்தியம் என்ற பெயரின்கீழ் ஆராய்ந்த எட்வேட் லூயிட் என்பாரின் நூல் 1707ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. மொழிக்கு இட்ட அப்பெயர் பிற்காலத்தில் இசைக்கும் ஏறியது.

கருவியின் நிலையும் அத்தகையதே. டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் ஒரு பழைய ஹாப் பேணப்படுகின்றது. 1014ஆம் ஆண்டில் இறந்த பிறையன் போறு என்னும் அரசனுக்கு உரியதென்று அதனைக் கூறுவது வழக்கம். ஆயின் அது 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டினது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அத்தகைய பழங்கருவிகள் உலோகக் கம்பி பூண்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளின் நகரத்துக் கைவினைஞர் யோன் ஈகன், குடலாற் செய்த நரம்பு பூட்டிய, இலேசான புதுக்கருவி ஒன்றைச் செய்து, அழகிய வேலைப்பாடுகளுடன் விற்றார். இன்று கெல்திய ஹாப் என்று வழங்குவது பெரும்பாலும் இப்புதுக்கருவியின் வழித்தோன்றலே. ஹெம்ப்சன் கையிலிருந்த கருவியின் வழித்தோன்றலன்று. அயர்லாந்து இசைக்குழுக்களிற் காணப்படும் பூசூக்கி என்னும் கருவி கிரேக்க நாட்டுக்கு உரியது. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே அங்கே புகுந்தது. போரான் எனப்படும் ஒருமுகத் தோற்பறை குழுவிசையிற் சிறப்பிடம் பெற்றதும் அக்காலத்தில் ஷோன் ஓ றீயடா என்னும் இசையறிஞரின் முயற்சியாலேயே.

இடைக்கால ஐரோப்பிய இசைக்கு எழுத்துச் சான்றே இல்லையென்று இதனாற் கொள்ளற்க. பாரிஸ் நகரிலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் சுவடியொன்றிற் சில ஆடல் மெட்டுக்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அங்கே ஒற்றை மெட்டுமட்டுமே உளது. எக்கருவியால் வாசிப்பது, எத்துணை விரைவாக வாசிப்பது, பறை உண்டா இல்லையா என்பன குறிக்கப்படவில்லை. வேல்சு நாட்டில் ஏறக்குறைய 1613ஆம் ஆண்டில் றொபேட் அப் ஹியூ எழுதிய ஏட்டில், அதனினும் முந்திய ஹாப் இசை விரல்முறைக் குறியீட்டால் எழுதப்பட்டுள்ளது. பழைய இசைக்கருவிகளை மீட்பதிற் புகழ்பெற்ற ஆர்னல்ட் டொல்மெற்ச் 1930ஆம் ஆண்டுகளில் அதனைப் படித்து வாசிக்க முயன்றார். அவர் கொண்ட பொருளைப் பின்வந்தோர் மறுத்தனர். அவர்களுக்குள்ளும் ஒருமைப்பாடு இல்லை. எழுத்து இருந்தும் அதனைக் கற்பித்த வாய் அடங்கியமையால் ஓசை உறங்கிக்கிடக்கின்றது.

இவ்விருளிலும் நேரிய வழியிற் செல்வோர் உளர். 1970ஆம் ஆண்டுகளிலிருந்து ஆன் ஹேமன் என்னும் அமெரிக்க இசையாளர், கம்பி பூட்டிய பழைய அமைப்பையே மேற்கொண்டு, பண்டிங்கின் குறிப்புக்களைத் துணையாகக் கொண்டு, நகத்தால் மீட்டும் முறையை மீண்டும் பயின்று காட்டினார். ஸ்கொத்லாந்தில் டெஸ்க்போட் என்னுமிடத்தில் 1816ஆம் ஆண்டளவிற் கிடைத்த பண்டைப் போர்க்கொம்பின் விலங்குத் தலைப்பகுதியைக் கொண்டு, 1993ஆம் ஆண்டில் முழுக்கொம்பும் ஆக்கி ஊதப்பட்டது. கொம்பின் ஒலி இத்தகையது என்று அதனால் ஓரளவு அறிந்தோம். ஆயின் பண்டை வீரர் அதில் எந்த மெட்டை ஊதினர் என்பதை எக்கொல்லனும் வார்த்துத் தரவியலாது.

காரைதீவு தந்த யாழ்நூல்

இனி நம் யாழின் வரலாற்றை நோக்குவோம். சங்கச் செய்யுட்களில் யாழ் இல்லாத பாணன் இல்லை. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக உவமை கூறி வருணிக்கின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை யாழாசிரியனின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. எனினும் அச்சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல இறந்துபட்டன என்பதை அவர் உரையே தெரிவிக்கின்றது. யாழை வாசிப்போர் வழி அற்றது. வீணை அதன் இடத்தைப் பெற்றது. பெல்பாஸ்ற் நகரத்தார் கூட்டியதுபோன்றதொரு கூட்டம் நம் நாட்டிற் கூட்டப்படவில்லை. இறுதி யாழ்ப்பாணனின் எதிரே தாளும் கோலும் கொண்டு அமர்ந்த இளைஞன் ஒருவனும் இலன்.

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தது 1892ஆம் ஆண்டில். விபுலாநந்த அடிகள் காரைதீவிலே பிறந்ததும் அவ்வாண்டிலேயே. அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். நம் நாட்டு இந்துக் கல்லூரிகளின் வளர்ச்சியோடும், மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயத்தின் தோற்றத்தோடும் அவர் பெயர் இணைந்துள்ளது. பௌதிக நூலறிவும் தமிழ்ப் புலமையும் ஒருவர்பாற் கூடியமையாலேயே யாழ்நூல் எழுந்தது. நரம்பின் நீளத்துக்கும் அதிற் பிறக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, அதனைப் பழைய உரைகளின் கூற்றோடு பொருத்தி, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் முதலியவற்றின் அமைப்பை அவர் ஆராய்ந்தார். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வுழைப்பின் பயன், 1947ஆம் ஆண்டு யூன் 5ஆம், 6ஆம் நாள்களில், தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில் அரங்கேறியது. ஆறு கிழமைகள் கழிந்தபின், யூலை 19ஆம் நாள் அடிகள் இறையடி எய்தினார்.

இந்நூலின் பெருமை அதன் முடிபுகளில் மட்டும் தங்கியதன்று. அதன் நெறியில் தங்கியது. உரை இது, அதிலிருந்து கருதியது இது, கணக்கு இது என்று அடிகள் படிப்படியாக எடுத்துக் காட்டிச் செல்கின்றார். படிப்போன் விரும்பினால் அதே சான்றைக் கொண்டு மறுக்கவும் இடமளிக்கின்றார். பிறிம்றோஸ் குன்றத்து அவைக்கும் யாழ்நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டும் இழந்த ஒன்றை நாடியவை. ஒன்று சான்றை ஆக்கியது. மற்றொன்று சான்றை ஆராய்ந்தது.

எனினும் நூலும் கணக்கும் எத்துணை வல்லவர் கையிற் கிடைத்தாலும் அவை செல்லக்கூடிய எல்லை ஒன்று உண்டு. பண்டைத் தமிழரின் அடிப்படைப் பாலையாகிய செம்பாலை, இன்று வழங்கும் எந்த இராகத்துக்கு ஒப்பானது என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டிற் கருணாமிர்தசாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் அதனைச் சங்கராபரணம் என்றார். விபுலாநந்த அடிகள் அரிகாம்போதி என்றார். இருவரும் பேரறிஞர், இருவரும் நோக்கியது ஒரே சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையுமே. முடிபோ வேறாயிற்று. பின்வந்தோர் பலர் அரிகாம்போதி என்பதையே ஏற்றனர். அது வாதத்தின் வலிமையால் ஏற்கப்பட்டது. செவியாற் கேட்டு ஏற்கப்பட்டதன்று. யாழாசிரியன் ஒருவன் ஒரு நாழிகை வாசிக்கக் கேட்டிருப்பின் அவ்வழக்கு எழுந்தேயிராது. காட்சி ஒழிந்த இடத்தில் உரையும் கருதலும் எவ்வளவு உழைத்தாலும் ஈடாகா என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அண்மை ஆண்டுகளிற் சென்னையில் இளங்கைவினைஞர் தருண் சேகர் யாழை மீண்டும் மரத்திற் செதுக்கி இசைத்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது இக்காலத்து யாழ். சங்ககாலத்து ஓசை அதனுள் இருக்கின்றதென்று எவரும் உறுதிகூறவியலாது.

கிழக்குக் கரையின் வாய்மொழி

இங்கே வியப்புக்குரிய ஒன்றைக் காண்கின்றோம். சிலப்பதிகாரத்தின் யாழ் மறைந்தது; அதன் தலைவியின் கதையோ இக்கரையில் வாயினாற் பாடப்பட்டு வாழ்கின்றது. காரைதீவு முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்களில், வைகாசித் திங்களிற் குளிர்த்தி நடைபெறும் காலத்தில், கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. வி. சீ. கந்தையா அந்நூலை 1968ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். அடிகள் இளமையிற் கேட்டு வளர்ந்த ஓசைகளுள் இதுவும் ஒன்றாதல் வேண்டும். ஏட்டிற் கிடந்த இசை இலக்கணத்தை மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது. வாயில் இருந்த கதைக்கோ ஆண்டுதோறும் பாடும் ஊர் மக்களே போதியவராயினர்.

வரலாற்றை வேடம் புனைந்து ஆடுதலும் நமக்குப் புதியதன்று. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் பாரதத்து வீரர் முடியும் வில்லும் தாங்கி, மத்தளமும் தாளமும் முழங்க, இரவு முழுவதும் வட்டக்களரியில் ஆடுகின்றனர். மேனாட்டுக் கழகத்தார் தேடித் தேடித் தொகுப்பதை நம் அண்ணாவிமார் தந்தை வழியாகப் பெற்றனர். 1962ஆம் ஆண்டிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போரை மேடையேற்றியபோது, இரவு முழுவதும் ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்ப அமைத்தார். சுருக்கியதைச் சுருக்கியதென்றே கூறினார். ஆடலையும் பாடலையும் மரபறிந்த அண்ணாவியாரிடமிருந்தே மாணவர் பயின்றனர். பழமையை இக்காலத்துக்கு ஏற்பத் தருவோர்க்கு இது நல்ல முன்மாதிரி. அதற்கு முன்னரே 1940ஆம் ஆண்டில் தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்து, கோலடித்து ஆடும் வசந்தன் பாடல்களின் சொற்களை அழியாது காத்தமையும் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

இம்மரபு தமிழ் இந்துக்களின் ஊர்களோடு நின்றுவிடவில்லை. அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிற் பொல்லடி என்னும் கோலாட்டம் உண்டு. சீனடி, சிலம்படி முதலிய வீர விளையாட்டுக்கள் உண்டு. றபான் என்னும் ஒருமுகப் பறையைக் கொட்டிப் பாடும் பக்கீர்மாரின் பாட்டு உண்டு. அயர்லாந்தின் போரானும் நம் றபானும் மரச்சட்டத்தில் தோல் போர்த்த ஒரே குடும்பத்துக் கருவிகளே. இவை யாவற்றினும் மிகுதியாக மக்கள் வாழ்வோடு கலந்தது கவி. நான்கடியாய் அமைந்து, பெரும்பாலும் மச்சானையும் மச்சியையும் விளித்துப் பாடப்படும் இப்பாட்டில், பெயரும் சிற்சில சொற்களும் நீங்கின், தமிழர் பாடியது எது, முஸ்லிம்கள் பாடியது எது என்று பிரித்தல் அரிது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலியோர் இக்கவிகளைத் தேடித் தொகுத்து அளித்துள்ளனர்.

இறக்காமம் போன்ற உழவர் ஊர்களில் இப்பாட்டுக்கு இடமாயிருந்தது வயலும் வயலைச் சார்ந்த வேலையும் ஆகும். வட்டையிற் பயிர் விளையும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரணில் இரவு முழுவதும் விழித்திருப்போன் பாடுவான். அடுத்த பரணிலிருந்து மறுகவி எழும். ஏர் பிடிக்கும்போது ஒரு பாட்டு. அருவி வெட்டும்போது ஒரு பாட்டு. களவெட்டியிற் சூடு மிதிக்கும் மாடுகளை ஓட்டும்போது பொலிப்பாட்டு. களவெட்டிக்குள் நாள்தோறும் வழங்கும் சொற்களை விடுத்து அவ்விடத்துக்கே உரிய குழூஉக்குறிகளை வழங்கும் மரபும் இருந்தது. வேலையின் நடையே பாட்டின் தாளம். இரவின் தொலைவே அதன் நீட்டம்.

அவ்வேலைகள் மாறின. 1949ஆம் ஆண்டிற் கல்லோயாத் திட்ட வேலை தொடங்கியபின் இந்நிலத்தின் நீர்ப்பாசனமும் வேளாண்மையும் உருமாறின. உழவு இயந்திரம் ஏரின் இடத்தைப் பெற்றது. அறுவடையையும் சூட்டையும் ஒருங்கே முடிக்கும் இயந்திரம் பின்னர் வந்தது. இவற்றால் உழவனின் உடல்நோவு குறைந்தது. அதனை வெறுத்துரைத்தல் அறமன்று. ஆயின் மாடு இல்லாத களத்திற் பொலிப்பாட்டு எவரை நோக்கி எழும்? போர்க்காலத்தில் இரவிற் பரணுக்குச் செல்வது அஞ்சத்தக்கதாயிற்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. காரைதீவு, கல்முனை, மருதமுனை முதலிய கரையோர ஊர்களிற் கடல்கொண்ட முதியோர் ஒவ்வொருவருடனும் எத்தனை பாட்டுக்கள் அமிழ்ந்தன என்பதை எந்தக் கணக்கும் கூறாது.

நம் கடன்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. ஏட்டிலிருந்து இசையை எழுப்பும் பணியை எந்த நூற்றாண்டிலும் செய்யலாம், ஏடு காத்திருக்கும். பாடுவோன் வாயிலிருந்து பெறும் பணியை அவன் வாழும் நாளில் மட்டுமே செய்யலாம். ஹெம்ப்சன் இறந்தபின் பிறந்திருந்தால் பண்டிங் எத்துணை வல்லவராயினும் நகத்தால் மீட்டும் முறையைக் கேட்டிருக்கமாட்டார். ஆகவே நம் ஆராய்ச்சியாளர்க்கு முதற்கடமை எதுவெனில், மறைந்த யாழை ஆராய்வதோடு அமையாது, மறைகின்ற பாட்டைக் குறித்துக்கொள்ளுதலாம்.

சொற்களைத் தொகுத்த நூல்கள் நம்மிடம் உள. பெரும்பாலும் குறைவது மெட்டு. கவியின் நான்கடியை அச்சிட்டால், எச்சொல்லை எவ்வளவு நீட்டுவது, எங்கே குரலை உயர்த்துவது, எங்கே மூச்சை நிறுத்துவது என்பன அச்சில் ஏறுவதில்லை. பண்டிங்கின் நூலிற் சொல் நீங்கிய மெட்டு எஞ்சியது. நம் நூல்களில் மெட்டு நீங்கிய சொல் எஞ்சுகின்றது. இரண்டும் அரைகுறையே. அவர் காலத்தில் ஓசையைப் பதியும் கருவி இல்லை. இக்காலத்தில் மாணவர் பலரின் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே ஒலியைப் பதியவல்லது. கருவி இல்லாத காலத்தில் ஓர் இளைஞர் செய்ததைக் கருவி உள்ள காலத்தில் நாம் செய்யாதிருப்போமாயின், அக்குறைக்கு வறுமையைக் காரணங்காட்டவியலாது.

பதிவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். பாடுவோரின் விருப்பத்தை முதற்கண் கேட்டறிதல் வேண்டும். பதிவின் ஒரு படியை அவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் அளித்தல் வேண்டும். ஊர், நாள், எந்த வேலையின்போது பாடப்பட்டது என்பவற்றைப் பாட்டோடு சேர்த்தே எழுதுதல் வேண்டும். கொச்சை எனக் கருதிச் சொல்லைத் திருத்தலாகாது. இராகம் வழுவியதென்று கருதி மெட்டை நேராக்கலாகாது. ஒரே கவியை இருவர் இருவேறாகப் பாடின் இரண்டையும் காத்தல் வேண்டும். எது மூலம் என்னும் வழக்கைப் பின்வருவோர்க்கு விட்டுவிடலாம். பிற்காலத்தில் ஒரு விழாவிற்காகவோ நாடகத்திற்காகவோ அப்பாட்டைப் புதுக்கிப் பாட நேரின், இது கேட்டது, இது கருதியது, இது யாம் சேர்த்தது என்று வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வரலாற்றை நடிப்போர்க்கு இன்பம் உண்டு, அதனைக் குறைகூறுவாரில்லை. நடிப்பவர் அது நடிப்பென்று அறிந்திருத்தலே வேண்டப்படுவது.

கல்லூரிகள் இப்பணியை எளிதில் மேற்கொள்ளலாம். வரலாற்று வகுப்பு மாணவர் ஒருவர் விடுமுறையில் தம் ஊர் முதியவர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது சென்று மூன்று கவி பதிந்து வருவாராயின், ஒரு வகுப்பின் உழைப்பால் ஆண்டொன்றில் நூறு பாட்டுச் சேரும். காரைதீவு மாணவரும் இறக்காமத்து மாணவரும் தம்முள் அவற்றை ஒப்புநோக்கின், தம் பாட்டிமார் ஒரே மெட்டிற் பாடியதைத் தாமே கேட்டறிவர். நூல்களிற் படித்துப் பெறும் ஒற்றுமையினும் செவியாற் கேட்டுப் பெறும் ஒற்றுமை ஆழமானது.

யாழ்நூலை இயற்றிய அடிகள் பழந்தமிழ்ப் பாணனின் கையிலிருந்த கருவியைத் தேடி ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார். அவர் பிறந்த கரையின் பாணர் நெல்வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் இன்னும் சிலராய் எஞ்சியிருக்கின்றனர். அவர்கள் பாடி முடிந்தபின் அவர்கள் பாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதுவதினும், அவர்கள் பாடும்போதே அருகிருந்து கேட்பது எளிது.